ஆங்கிலம் கற்பிக்கக் கற்ற கதை

நம் ஊர்க் குடைவரையைப் பற்றியோ, அதன் முன்னே சக்கரங்களும் குதிரைகளும் பூண்டு தேர்போல் நிற்கும் மண்டபத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றே மலர்க்குழு நண்பர்கள் எதிர்பார்த்திருப்பர். குன்றாண்டார்கோவிலில் வரலாற்றுக் கட்டுரை என்றால் அதுவே வழக்கம். ஆயினும் அக்கல்வெட்டுகளை என்னினும் நன்கு கற்றோர் நம் வட்டத்திலேயே உள்ளனர். நானோ பணி முழுதும் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே நான் பட்டறிந்த ஒரு துறையின் வரலாற்றையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் கற்பிக்க வந்த தமிழாசிரியனுக்கு, அம்மொழியைப் பேசும் மக்களின் வாழ்க்கையையும் தன் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் வாழ்க்கையையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் பயிற்சி இந்நாட்டில் எப்போதேனும் அளிக்கப்பட்டதா என்பதே கேள்வி.

இக்கேள்வி நூல் படித்துப் பிறந்ததன்று. 1971-இல் ஆசிரியப் பயிற்சி மாணவனாகக் கீரனூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். புதுக்கோட்டை அன்று தனி மாவட்டம் ஆகவில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஒரு நாள் நண்பகலில் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான். அவன் தந்தையைத் திருச்சி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கிறார்கள் என்று வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “ஐ வில் கோ அண்ட் கம், சார்” என்றான். பின்வரிசையில் என்னை மதிப்பிட வந்த பயிற்றுநர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருந்தார். நான் சும்மா இருக்கலாமா? “அது தவறு. ‘ஐ ஆம் கோயிங்’ என்று சொல்” என்றேன். அவன் பேசவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவன் வாய் திறவாமலே பையை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அதைப் பிடிவாதம் என்று நான் எண்ணினேன்.

மாலையில் அவனுடைய அப்பத்தா பள்ளி வாசலில் வந்து நின்றார். “என்ன வாத்தியாரய்யா, அப்பன் ஆசுபத்திரிக்குப் போயிருக்கையில புள்ளைய ‘போறேன்’னு சொல்லச் சொன்னீகளாமே?” என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என் வீட்டில் நானே ஒரு நாளும் “போகிறேன்” என்று சொல்லி வாசற்படி இறங்கியவன் அல்லேன். போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லுவேன். இல்லையேல் “வருகிறேன்” என்பேன். வீட்டில் அறிந்திருந்ததை வகுப்பறையில் மறந்துபோனேன். அவன் தந்தை பிழைத்து வந்தார் என்பது என் நற்பேறு. அந்தப் பாடத்துக்கு எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அச்சிறுவனின் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவுமில்லை என்பது பின்னரே எனக்கு உறைத்தது. ஆங்கிலேயன் அந்த இடத்தில் அப்படிச் சொல்லமாட்டான் என்பதே குறை. ஏன் சொல்லமாட்டான், நாம் ஏன் சொல்கிறோம் என்ற இரண்டையும் விளக்கியிருந்தால் அது நல்லதொரு பாடமாக அமைந்திருக்கும். அவ்வாறு விளக்க எனக்கு ஏன் கற்பிக்கப்படவில்லை என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இக்கதையின் தொடக்கம் வியப்பானது. 1787-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், 1789 முதல் எழும்பூரிலிருந்த ஆண் அனாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளராக இருந்தார். ஐரோப்பியப் படைவீரருக்குப் பிறந்த சிறுவர்கள் படித்த இடம் அது. ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிக் கற்பதைக் கண்டார். தம் விடுதிக்கு ஓடிவந்து உதவியாசிரியரை அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். அவரோ அது தம் மதிப்புக்கு ஏற்றதன்று என்று மறுத்துவிட்டார். பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பிடித்துக் கீழ்வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். அது வெற்றி பெற்றது. 1796-இல் தாய்நாடு திரும்பியவர், அடுத்த ஆண்டே தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. 1832-இல் அவர் மறைந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அம்முறை நடைபெற்றது என்பர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே பெயர்.

மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை வழக்கமாக இருந்ததுதான். பெல் அதை அங்கிருந்து எடுத்தாரா, மணலெழுத்தை மட்டும் எடுத்து மற்றதைத் தாமே கண்டாரா என்பது பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த உதவியாசிரியரின் மறுப்பே. கண்முன்னே நல்லதொரு முறை இருந்தும் அது ‘உள்ளூர்க்காரன் செய்வது’ என்ற ஒரே காரணத்தால் அவர் தொட மறுத்தார். ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் பரம்பரையில் அந்த மறுப்பு நெடுங்காலம் தொடர்ந்தது. 1971-இல் என்னிடமும் இருந்தது.

அடுத்த காட்சி 1812. பிரான்சிஸ் வைட் எல்லிஸ் முதலானோர் முயற்சியால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. ஆட்சிப் பணிக்கு வரும் ஆங்கில இளைஞர் இந்நாட்டு மொழிகளைக் கற்க அமைந்த கல்லூரி அது. கற்பித்தோர் நம் புலவர்கள். இங்கு ஆங்கிலேயன் மாணவன், தமிழன் ஆசிரியன். அவனுக்குத் தந்த பாடநூல்கள் எத்தகையவை என்று பாருங்கள். தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தை உரைநடையில் ஆக்கித் தந்தார். அது 1826-இல் அச்சேறியது. அதற்கும் முன்னே வீரமாமுனிவர், தம் போன்ற அயல்நாட்டுக் குருமார் பேச்சுத்தமிழை அறியும்பொருட்டுப் பரமார்த்த குருவின் கதையை இயற்றியிருந்தார். அதை 1822-இல் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் வெளியிட்டார். குருவும் சீடரும் எப்படிப் பேசிக்கொள்வர், சந்தையில் விலை எப்படிக் கேட்பர், சகுனம் எப்படிப் பார்ப்பர் என்பதெல்லாம் அக்கதைகளோடு சேர்ந்தே மாணவனுக்குள் இறங்கின. எல்லிஸ் திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதும் அளவுக்குச் சென்றார். தென்னக மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816-இல் எடுத்துக்காட்டினார்.

இதை அன்பு என்று மட்டும் கொண்டு ஏமாற வேண்டா. ஆள வேண்டியவன் அறிய வேண்டியிருந்தது. வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் குடியானவன் மனம் தெரிந்தாக வேண்டும். எனினும் விளைந்த பாடம் பாடமே. தமிழ் கற்ற ஆங்கிலேயனுக்கு மொழியும் வாழ்க்கையும் ஒரே இலையில் பரிமாறப்பட்டன.

ஆங்கிலம் கற்ற தமிழனுக்கு அப்படி நேரவில்லை. 1835-இல் மெக்காலேயின் குறிப்பு வந்தது. 1854-இல் சர் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்றது; 1856-இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி பிறந்தது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாகப் புகழ்பெற்றது அதுவே. இவற்றையெல்லாம் கல்வி வரலாற்று நூல்கள் விரிவாகச் சொல்கின்றன. நான் விரைந்து கடக்கிறேன். அக்காலத்து ஆங்கில ஆசிரியர்கள் இலக்கணத்தில் புலிகள். செய்யுள்களைத் தலைகீழாக ஒப்பிப்பர். ஆனால் அவர்கள் கண்ட ஆங்கிலேயன் ஒன்று மேலதிகாரி, மற்றொன்று புத்தகத்தில் இருக்கும் கவிஞன். இடையில் வாழும் சாதாரண மனிதனை, அவன் தன் தாயோடு எப்படிப் பேசுவான், நன்றியை யாருக்குச் சொல்வான், யாரிடம் சினம் கொள்வான் என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் முதல்வராக 1877 முதல் 1907 வரை இருந்த வில்லியம் மில்லர், சேக்சுபியரின் நாடகங்களை இந்நாட்டு இளைஞரின் வாழ்வோடு பொருத்திக் காட்ட முயன்றவர். லியர் மன்னன் நாடகத்தை இந்திய அரசியலோடு இணைத்து 1900-இல் நூலே வெளியிட்டார். அவர் கண்ட முடிவுகள் இன்று நமக்கு ஒப்புடையன அல்ல. அறிவுரை வாடை மிகுதி. ஆனாலும், அயலான் எழுதிய நாடகத்தில் உன் வீடும் இருக்கிறது என்று மாணவனிடம் சொல்லத் துணிந்தமையால் அவரை நான் மதிக்கிறேன்.

நம் புதுக்கோட்டையிலேயே ஒருவரைக் காட்டலாம். 1878-இல் திவான் பொறுப்பேற்ற அ. சேஷையா சாஸ்திரி காலம் தொட்டு ஆங்கிலக் கல்வி சமஸ்தானத்தில் வேர்பிடித்தது. இங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர் எஸ். இராதாகிருஷ்ண ஐயர், 1916-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் பொது வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். தொண்டைமான்களையும் பாளையக்காரர்களையும் குளங்களையும் நாடு பிரிவுகளையும் பற்றி அயலாருக்குப் புரியும் ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாயின், ஒவ்வொரு சொல்லிலும் இரு உலகங்களை எடைபோட வேண்டும். ‘நாடு’ என்பதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? ‘அம்பலம்’ என்பதை? இத்தகைய தடுமாற்றமே ஆங்கில ஆசிரியனுக்குச் சிறந்த பயிற்சி என்பது என் துணிபு. வருந்தத்தக்கது யாதெனில், அப்படிப்பட்டவர்களின் பட்டறிவு எந்தப் பயிற்சிக் கூடத்தின் பாடத்திட்டத்துக்குள்ளும் நுழையவில்லை.

விடுதலைக்குப் பின் நடந்ததுதான் என் தலைமுறையை உருவாக்கியது. 1950-களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தில் தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்களைப் பெருந்தொகையாக மறுபயிற்சிக்கு உட்படுத்தும் இயக்கம் ஒன்று பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் நடைபெற்றது. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனமும் தோன்றியிருந்தது. சென்னைத் திட்டத்தின் இலக்கு 27,000 ஆசிரியர்கள். அத்தனை பேரையும் வல்லுநர்கள் நேரே சந்திக்க இயலாது. ஆகவே சிலர்க்குப் பயிற்சி அளித்து, அவர்கள் பலர்க்கு அளித்து, அப்பலர் மேலும் பலர்க்கு அளிப்பது என்று முறை வகுத்தனர். டி. ஏ. ஸ்மித் என்பவர் 1962-இல் ஆங்கிலக் கற்பித்தல் ஏடு ஒன்றில் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதற்கு இட்ட பெயர் ‘மெட்ராஸ் ஸ்நோபால்’. அதாவது உருள உருளப் பெருகும் பனியுருண்டை. வானம் பார்த்த பூமியான நம் குளத்தூர் வட்டாரத்தில் பனியுருண்டையை எவன் கண்டான்? எப்போதேனும் கோடைமழையில் விழும் ஆலங்கட்டியே நாம் அறிந்தது. அதுவும் உருண்டால் பெருகாது, கரையும்.

எள்ளலுக்காக இதைச் சொல்லவில்லை. அந்த இயக்கத்தால் பெரும் நன்மை விளைந்தது. அதற்கு முன் ஆங்கில வகுப்பு என்பது ஒரு வரி படித்து ஒரு வரி தமிழில் பெயர்ப்பது. அமைப்பு முறை எனப்பட்ட புதிய முறை வந்தபின், அறுபது பிள்ளைகள் நெருங்கி அமர்ந்த வகுப்பிலும் குழந்தைகள் வாய் திறந்து ஆங்கிலம் பேசினர். வாக்கிய அமைப்புகளை எளியதிலிருந்து அரியதுக்கு வரிசைப்படுத்தி, பொருளைக் கையில் எடுத்துக் காட்டி, நடந்து காட்டிக் கற்பித்தோம். “இது புத்தகம், அது கதவு, அவன் கதவை நோக்கி நடக்கிறான்.” என் பயிற்றுநர் அந்த உருண்டையோடு உருண்டு வந்தவர், கற்பிப்பதில் வல்லவர். அவரிடம் நான் பெற்றது சிறிதன்று.

ஆயினும் கைமாறிக் கைமாறி வந்த பயிற்சியில் வாக்கிய அட்டவணை மட்டும் சிதையாமல் வந்து சேர்ந்தது. அதன் காரணங்கள் வழியிலேயே கரைந்தன. ஒரு வாக்கியத்தை யார், யாரிடம், எப்போது சொல்வர் என்பது அட்டவணையில் அடங்காது. பாடநூல்களில் ஜான் போய் இராமன் வந்தான். ஆனால் இராமன் பேசியது ஜானின் பேச்சையே. நீ, நீர், நீங்கள் என்ற மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில் மரியாதை எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு பாடமும் சொல்லவில்லை. ஆங்கிலேயர் அதைக் குரலிலும், கேட்கும் முறையிலும், வினையைச் சுற்றிவளைத்துப் போடுவதிலும் வைத்திருக்கிறார்கள். அது தெரியாத நம் பிள்ளை, ‘பிளீஸ்’ என்பதைச் சேர்த்துவிட்டால் மரியாதை முடிந்தது என்று எண்ணுகிறான். அயலான் காதில் அது கட்டளையாக விழுகிறது.

உறவுமுறைச் சொற்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். ‘கசின் பிரதர்’ என்று எழுதிய பிள்ளைகளின் விடைத்தாளில் நான் எத்தனை ஆண்டுகள் ‘பிரதர்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்திருப்பேன்! ஆங்கிலத்தில் ‘கசின்’ என்ற ஒரே சொல் அத்தை மகனையும் பெரியப்பா மகனையும் குறிக்கும். நமக்கோ முன்னவன் மணமுறை உடையவன்; பின்னவன் அண்ணன் அல்லது தம்பி. ஒரு பெண்பிள்ளை தன் பெரியப்பா மகனை வெறும் ‘கசின்’ என்று எழுதக் கூசினாள் என்றால், அவள் அறியாமையால் கூசவில்லை. தன் வீட்டின் வேலியை அயல்மொழியிலும் நிறுத்த முயன்றாள். அடித்த கோட்டின் பக்கத்தில் இதை இரண்டு வரியாக எழுதியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு, பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகள் சிலவற்றில் வேறொரு சோதனை நடத்தினார். வாக்கிய அமைப்பை நேரே கற்பிக்காமல், ஊர்ப்படம், இரயில் நேர அட்டவணை போன்றவற்றைக் கொடுத்துக் கணக்கிட்டுச் சிந்திக்கச் செய்தால் மொழி தானே படியும் என்றார். கல்வியுலகம் முழுவதும் பேசப்பட்ட முயற்சி அது. மாணவனின் சிந்தனைக்கு அது மதிப்பளித்தது. அவனுடைய பண்பாடு அதன் கேள்வியாக இருக்கவில்லை.

அக்கேள்வியை நேருக்கு நேர் எழுப்பியவர் ஓர் ஈழத் தமிழர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, தம் வகுப்பில் முதலாண்டு மாணவர்கள் ஓர் அமெரிக்கப் பாடநூலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை 1993-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 1999-இல் அது ஒரு நூலின் பகுதியாக விரிந்தது. வெளியே போர். உள்ளே, அமெரிக்க நகரத்து மாந்தர் வேலை, விடுமுறை, பயணம் என்று பேசிக்கொள்ளும் பாடங்கள். மாணவர் வகுப்பில் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. தேர்வுக்கு வேண்டிய இலக்கணத்தை மட்டும் கேட்டனர். ஆனால் பாடநூலின் ஓரங்களைப் பார்த்தபோது அங்கே வேறொரு பேச்சு நடந்திருந்தது. தமிழ்த் திரைப்படம், காதல், போராட்டம் எல்லாம் கிறுக்கலாகவும் படமாகவும் இடம்பெற்றிருந்தன. அச்சிட்ட பக்கத்தில் தமக்கு இடமில்லாதவர்கள் ஓரத்தில் குடியேறினர். அதைக் குறும்பு என்று தள்ளாமல் எடுத்து வாசித்ததில்தான் அவ்வாசிரியரின் சிறப்பு. இந்நூலைப் படித்தபோது என் கீரனூர்ப் பக்கத்துச் சிறுவனின் மௌனம் எனக்கு மீண்டும் கேட்டது. அவனுக்கு ஓரத்தில் எழுதக்கூட இடமில்லை; அவனிடம் பாடநூலே இருந்ததில்லை.

இங்கிலாந்தில் மைக்கேல் பைரம் 1997-இல் வெளியிட்ட நூல், அயல்மொழி கற்பவனுக்கு வேண்டிய திறன்களை வகுத்துச் சொன்னது. அயலானைப் பற்றிய செய்தியறிவு மட்டும் போதாது. தன் வழக்கமே இயற்கை, பிறன் வழக்கம் விந்தை என்ற எண்ணத்தைச் சற்று ஒதுக்கிவைக்கும் மனப்பாங்கும், இரண்டையும் ஒப்பிட்டு விளக்கும் திறமும் வேண்டும் என்பது அதன் சாரம். ஐரோப்பியர் தம் அண்டை நாட்டாரோடு பழகுவதற்காக வகுத்த கருத்து இது. நமக்கு இதை எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே இருவரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்று பேசுகிறவர்கள். இங்கே ஒரு மொழி மேட்டிலும் மற்றொன்று பள்ளத்திலும் நின்றன. எனவே நம் பயிற்சி மாணவன் பிறரை மதிக்கக் கற்கும் முன்னர், தன் அப்பத்தாவின் பேச்சில் அறிவு இருக்கிறது என்று நம்பக் கற்க வேண்டியிருக்கிறது. அது பைரம் சொல்லாத பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பயிற்சியில் இருந்த இளைஞர் சிலர் நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களுக்கு வரத் தொடங்கினர். அவர்களிடம் நான் ஒரு வேலை கொடுத்தேன். ஊரில் கேட்கும் பேச்சில், ஆங்கிலத்தில் அப்படியே சொன்னால் பொருள் மாறிப்போகும் வாக்கியங்களைத் திரட்டி வாருங்கள். யார் யாரிடம் எப்போது சொன்னது என்பதையும் எழுதுங்கள். ஆங்கிலேயர் அந்த இடத்தில் என்ன சொல்வர், ஏன் என்பதை அடுத்த பக்கத்தில் எழுதுங்கள் என்றேன். திருமண வீட்டிலிருந்தும், நூறு நாள் வேலைக் களத்திலிருந்தும், கீரனூர்ப் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் கொண்டுவந்தனர். “சாப்பிட்டாச்சா?” என்ற கேள்வியின் மேல் மட்டும் ஒரு மாலை முழுதும் வாதம் நடந்தது. அது கேள்வியே அன்று, வணக்கம் என்றார் ஒருவர். பஞ்சம் கண்ட பூமியில் அது உண்மையான கேள்வியாகத்தான் தொடங்கியிருக்கும் என்றார் மற்றொருவர். ஆங்கிலேயர் வானிலையைப் பற்றிப் பேசித் தொடங்குவதும் இதைப் போன்றதே, ஆனால் அவர்கள் வயிற்றைக் கேட்பதில்லை என்று ஒரு மாணவி சொன்னார். எனக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாராவது அப்படி ஒரு மாலையைத் தந்திருக்கலாம்.

அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், என் வேண்டுகோளின்படி, “போய்விட்டு வருகிறேன்” என்பதே எழுதப்பட்டிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலேயர் சொல்வன என்று மூன்று வாக்கியங்களை எழுதி, மூன்றில் எதிலும் திரும்பி வருவேன் என்ற உறுதி முழுதாக வரவில்லை என்று அம்மாணவி குறித்திருக்கிறார். நோட்டு இப்போது நம் வட்டத்தின் அலமாரியில் உள்ளது. பாதிப் பக்கங்கள் இன்னும் வெற்றாக இருக்கின்றன.